ஆனைமங்கலத்து அறக்கொடை

கடாரம் என்றதும், 'இராசேந்திரன் வென்ற நாடு' என்று தமிழ்ப்பள்ளி மாணவன் உடனே விடை கூறிவிடுவான். 1025ஆம் ஆண்டின் கடற்படையெடுப்பு அவனுக்கு மனப்பாடம். அதற்குப் பத்தொன்பது ஆண்டுகட்கு முன், அதே கடாரத்து மன்னன் எடுப்பித்த புத்தப் பள்ளிக்குச் சோழன் ஓர் ஊரின் வருவாயையே வழங்கினான் என்பதை அவனுக்கு எடுத்துரைப்பார் அரியர். இக்குறை மாணவனுடையதன்று.

புத்தத் துறவியர் ஓடேந்தி, நண்பகலுக்கு முன் இல்லந்தோறும் சென்று, இட்டதை ஏற்று உண்பர். இன்னது வேண்டுமெனக் கேளார். நாளைக்கென்று சேர்த்தும் வையார். ஆகவே அவ்வறத்தில் ஏற்பது இழிவன்று. இடுவோர்க்கு அது புண்ணியம் ஈட்டும் வாய்ப்பு. மணிமேகலை தன் அமுதசுரபியில் முதற்பிச்சை பெற ஆதிரையின் மனையைத் தேடிச் சென்றதேன் என்பது, இடுவோரின் தூய்மையே பிச்சைக்குச் சிறப்பு என்னும் கருத்தை அறிந்த மாணவனுக்கே விளங்கும். அறியாதவனுக்கு அது வெறும் அற்புதக் கதை.

ஆயினும், கடல்கடந்து வருவோரும் தங்கும் துறைமுகப் பெருவிகாரம் அன்றாடப் பிச்சையை மட்டும் நம்பி நிலைத்தல் அரிது. ஸ்ரீவிசய மன்னனும் கடாரத்தரசனுமாகிய மாறவிசயோத்துங்கவர்மன், தன் தந்தையின் பெயரால் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரத்தை எடுப்பித்தான். சிவநெறிச் செல்வனாகிய முதலாம் இராசராசன், 1006இல் ஆனைமங்கலம் என்னும் ஊரை அதற்குப் பள்ளிச்சந்தமாக்கினான். வேந்தனுக்குரிய இறை, ஆண்டுதோறும் 8,943 கலத்துக்கு மேற்பட்ட நெல்லாக விகாரத்தைச் சேர்ந்தது. பெண்யானையை எல்லை சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நட்டு ஊரை வரையறுத்தனர். (இக்காட்சியை விரித்துரைத்தால் உறங்கும் வகுப்பும் விழித்துக்கொள்ளும்.) விகாரத்தைச் செப்பேடு 'பள்ளி' என்றே சுட்டுகிறது. நாள்தோறும் அச்சொல்லை வழங்கும் மாணவர்க்கு அதன் பழம்பொருளையும் காட்டுதல் ஆசிரியர் கடன்.

தந்தையின் ஆணையை நிலைபேறுடையதாக்கச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தவன் யார்? கடாரத்தின்மேல் படைசெலுத்திய அதே இராசேந்திரன்தான்! இருபத்தொரு ஏடுகள், ஐந்து வடமொழியிலும் பதினாறு தமிழிலும் அமைந்தவை. லெய்டன் பல்கலைக்கழகத்தை அடைந்தமையால் அவை லெய்டன் செப்பேடுகள் எனப் பெயர் பெற்றன. கொடையையும் போரையும் வேறுவேறு பாடமாக்காது ஒருங்கே வைத்துக் கற்பித்தலே முறை. வணிகப் போட்டியால் அரசர் பகைத்தனர் என்றால், அப்பகை அறத்தையும் அழித்ததா என்று மாணவன் வினவக்கூடும்.

விடை மற்றொரு செப்பேட்டில் உளது. படையெடுப்புக்கு அறுபத்தைந்து ஆண்டுகட்குப் பின், 1090இல், கடாரத்தரசனின் தூதர் இருவர் முதற் குலோத்துங்கனிடம் வந்து, நாகப்பட்டினத்துப் பள்ளிக்குரிய ஊர்களுக்கு வரிநீக்கம் வேண்டினர். சோழன் இசைந்து, அதனையும் செப்பேட்டில் பொறித்துக் கொடுத்தான்.