கட்டட ஒளிப்படக்கலை

கட்டடங்களையும் மனிதர் எழுப்பிய பிற கட்டுமானங்களையும் ஆவணப்படுத்தவோ, அளக்கவோ, விளம்பரப்படுத்தவோ, கலைப்படைப்பாகக் காட்டவோ படமெடுக்கும் துறை கட்டட ஒளிப்படக்கலை. கோயில், தேவாலயம், அரண்மனை என்று தொடங்கிய இத்துறை பின்னர் பாலம், தொழிற்சாலை, வீடு, தண்ணீர்த் தொட்டி வரை விரிந்தது. எந்தக் கட்டுமானம் படமெடுக்கத் தக்கது என்பதைப் பெரும்பாலும் படத்துக்குப் பணம் கொடுத்தவர்களே தீர்மானித்தனர். பணம் கொடுப்பவரின் இடம் அரசிடமிருந்து கட்டடக் கலைஞருக்கும் இதழ்களுக்கும் பிறகு கலைக்கூடங்களுக்கும் விரிந்தபோதெல்லாம் படத்தின் பொருளும் பாணியும் மாறின.

தொடக்கம்

இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழைய கேமரா படத்தில் இருப்பவை கட்டடங்களே. பிரான்சில் நீசபோர் நியெப்ஸ் 1826 அல்லது 1827இல் தம் வீட்டு மாடிச் சன்னலிலிருந்து எடுத்த அப்படத்தில் கூரைகளும் சுவர்களும் மங்கலாகத் தெரிகின்றன. ஒளிபடும் நேரம் மிக நீண்டதால் எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் விழுந்திருக்கிறது. இங்கிலாந்தில் டால்பட் 1835இல் லேக்காக் மாளிகையின் சன்னலைக் காகித நெகட்டிவில் பதித்தார். 1838இல் லூயி தாகேர் எடுத்த பாரிஸ் வீதிப் படத்தில் போக்குவரத்து முழுவதும் மறைந்துபோய்க் கட்டடங்களும், காலணிக்கு மெருகேற்றிக்கொண்டு நின்ற ஒருவருமே தெளிவாகப் பதிந்தனர். அசையாமல் நிற்பது அன்றைய கேமராவுக்கு இன்றியமையாதது என்பதால் கட்டடமே அதற்கு ஏற்ற பொருளாயிற்று.

அரசும் நினைவுச்சின்னமும்

பிரெஞ்சு அரசின் வரலாற்றுச் சின்னங்கள் ஆணையம் 1851இல் பால்டுஸ், பயார், லெ கிரே, லெ செக், மெஸ்த்ரால் ஆகிய ஐவரை நாட்டின் பல பகுதிகளுக்கு அனுப்பியது. பழுதுபார்க்க வேண்டிய தேவாலயங்களையும் கோட்டைகளையும் அவர்கள் படமெடுத்தனர். அப்படங்கள் அச்சேறவில்லை, கோப்புகளில் சேர்க்கப்பட்டன.

இந்தியாவில் இப்பணி காலனி ஆட்சியின் தேவையோடு சேர்ந்து வளர்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1850களின் பிற்பாதியில் மதராஸ் மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றினார். திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களின் கோயில்களையும் அரண்மனைகளையும் மெழுகு தோய்த்த பெரிய காகித நெகட்டிவ்களில் பதித்தார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைத் தொடர்ச்சியாகப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்வெட்டைப் படித்தறிய உதவும் ஆவணமாகவே அதை எடுத்தார். ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் இதை வீண் செலவாகக் கருதியதால் பணி நிறுத்தப்பட்டது.

லாலா தீன் தயாள் 1880களில் மத்திய இந்தியாவின் சின்னங்களைப் படமெடுத்தார். 1955இல் நிறுவப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், மறு ஆண்டு முதல் தென்னிந்தியக் கோயில்களையும் சிற்பங்களையும் பதிவுசெய்து பெரியதோர் ஆவணக்காப்பகத்தை உருவாக்கியது.

அளவெடுக்கும் படம்

ஜெர்மானியப் பொறியாளர் ஆல்பிரெக்ட் மைடன்பாயர் 1858இல் வெட்ஸ்லார் தேவாலயத்தை அளக்கும்போது உயரத்திலிருந்து விழ இருந்தார். ஆபத்தான இடங்களில் ஏறாமலே படத்தின் வழியாக அளக்கலாம் என்ற எண்ணம் அப்போது அவருக்குத் தோன்றியது. ஒரே சுவரை வெவ்வேறு இடங்களிலிருந்து எடுத்தால், கேமராக்களின் இடமும் கோணமும் தெரிந்தநிலையில், சுவரின் ஒவ்வொரு புள்ளியின் இருப்பிடத்தையும் வடிவியல்படி கணக்கிட முடியும். இம்முறைக்காக 1885இல் பெர்லினில் அரசு நிறுவனம் ஒன்று தோன்றியது. அது சேர்த்த கண்ணாடித் தட்டுகள், இரண்டாம் உலகப் போரில் சிதைந்த கட்டடங்களைச் சீரமைக்கவும் பயன்பட்டன. 2001இல் தகர்க்கப்பட்ட பாமியான் புத்தர் சிலையின் முப்பரிமாணக் கணினி வடிவமும் பழைய படங்களிலிருந்து இதே கொள்கைப்படி உருவாக்கப்பட்டது.

நுட்பம்

உயர்ந்த கட்டடத்தை அண்ணாந்து எடுத்தால் அதன் செங்குத்துக் கோடுகள் மேலே போகப்போக நெருங்கி, கட்டடம் பின்னால் சாய்வதுபோல் தோன்றும். ஃபிலிம் இருக்கும் தளத்தைச் சுவருக்கு இணையாக வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் மேலே நகர்த்தினால் கோடுகள் நேராக நிற்கும். துருத்தி வைத்த பெரிய கேமராக்களில் இதைச் செய்ய முடிந்தது. சிறிய 35 மிமீ கேமராக்களுக்கு நகரும் லென்ஸ்கள் 1960களில் வந்தன. இன்று மென்பொருளிலும் கோடுகளை நிமிர்த்தலாம். அப்போது படத்தின் ஓரங்கள் சிறிது வெட்டுப்படும்.

கட்டடக் கலைஞர்களும் இதழ்களும்

இருபதாம் நூற்றாண்டில் புதிய கட்டடங்கள் நேரில் கண்டோரைவிடப் படத்தில் கண்டோராலேயே அதிகம் அறியப்பட்டன. மீஸ் வான் டெர் ரோ 1929இல் பார்சிலோனா கண்காட்சிக்கு அமைத்த அரங்கு மறு ஆண்டே பிரிக்கப்பட்டது. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அது கறுப்பு வெள்ளைப் படங்கள், வரைபடங்கள் வழியாகவே கற்பிக்கப்பட்டது. 1980களில் அதே இடத்தில் மீண்டும் கட்டியபோது அப்படங்களும் சான்றாயின.

லூசியன் எர்வே 1949 முதல் லெ கொர்புசியேயின் கட்டடங்களைப் படமெடுத்தார். சண்டிகரும் அவற்றுள் அடங்கும். முழுக் கட்டடத்தைக் காட்டாமல் நிழல் வெட்டும் ஒரு மூலையையோ படிக்கட்டையோ மட்டும் காட்டுவது அவர் வழக்கம். அமெரிக்காவில் ஜூலியஸ் ஷுல்மன் 1960இல், லாஸ் ஏஞ்சலஸ் நகர விளக்குகளுக்கு மேலே மிதப்பதுபோல் எடுத்த கண்ணாடி வீட்டின் படம், ஒரு வாழ்க்கைமுறைக்கே விளம்பரமானது.

பெயரற்ற கட்டுமானங்கள்

யூஜீன் அத்ஜே பாரிஸின் பழைய கடைமுகப்புகளையும் முற்றங்களையும் படமெடுத்து ஓவியர்களுக்கும் நூலகங்களுக்கும் விற்றுப் பிழைத்தார். அவருடைய படங்களைக் காத்த பெரெனிஸ் ஆபட் 1930களில் நியூயார்க்கின் மாற்றத்தை அரசு உதவியோடு பதிவுசெய்தார்.

ஜெர்மனியின் பெர்ண்ட், ஹில்லா பெக்கர் தம்பதியர் 1959 முதல் தண்ணீர்த் தொட்டிகள், ஊது உலைகள், சுரங்கத் தூக்குக் கோபுரங்கள் ஆகியவற்றைத் தேடிப் படமெடுத்தனர். மேகமூட்டமான வானம், நேரெதிர்க் கோணம், ஆளில்லாத காட்சி ஆகியவை அவர்களின் கட்டுப்பாடுகள். ஒரே வகைக் கட்டுமானத்தின் படங்களை வரிசைகளாக மாட்டியபோது, பயனுக்காக மட்டும் கட்டப்பட்டவற்றின் வேறுபாடுகள் புலப்பட்டன. தொழில்கள் நலிந்து அவை இடிக்கப்பட்டுவந்த காலம் அது. 1990இல் வெனிஸ் பியன்னாலேவில் அவர்களுக்குச் சிற்பத்துக்கான பரிசு கிடைத்தது. ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கி, காண்டிடா ஹோஃபர், தாமஸ் ஸ்ட்ரூத் ஆகியோர் பெர்ண்டிடம் டுசெல்டார்ஃபில் பயின்றவர்கள்.

உரிமை

கட்டட வடிவமைப்புக்கும் பதிப்புரிமை உண்டு என்பதால் அதைப் படமெடுத்து வெளியிடும் உரிமை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஈஃபெல் கோபுரத்தின் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஆனால் அதன் இரவு விளக்கு அமைப்பு தனிப் படைப்பாகக் கருதப்படுவதால், இரவுப் படங்களை வணிக நோக்கில் பயன்படுத்த அனுமதி பெற வேண்டும். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கட்டடப் படைப்பை ஒளிப்படமெடுப்பதையும் அப்படத்தை வெளியிடுவதையும் உரிமை மீறலாகக் கொள்வதில்லை.