மேட்டூர் அணையும் காவிரியின் தோற்றமும்

சேலம் மாவட்டத்தில் மலைகளை விட்டுச் சமவெளிக்குக் காவிரி இறங்கும் இடத்தில், 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது மேட்டூர் அணை. 1934 ஆகஸ்ட் 21 அன்று அதைத் திறந்துவைத்த சென்னை மாகாண ஆளுநர் ஸ்டான்லியின் பெயரே நீர்த்தேக்கத்துக்கு இடப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. பாசனத்துக்காக எழுந்த இந்த அணை ஆற்றின் அழகைக் கெடுத்ததா, கூட்டியதா என்று கேட்பது வழக்கம். அப்படிக் கேட்பதே சற்றுப் பிசகு. மழையும் பருவமும் தீர்மானித்துவந்த ஆற்றின் தோற்றத்தை, அணை வந்தபின் நீர்மட்ட அளவுகோலும் மதகு திறக்கும் ஆணையும் தீர்மானிக்கின்றன. அழகு கூடியதும் குறைந்ததும் அதற்குப் பிறகு வரும் கணக்கு.

இதற்கு நீர்த்தேக்கத்தின் உள்ளேயே சாட்சி இருக்கிறது. ஆற்றோர ஊர்கள் பல மூழ்கின; மக்கள் மேட்டு நிலங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பண்ணவாடிப் பரிசல்துறைப் பக்கம் மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தியும், பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும், நீர் வெகுவாக வற்றும் ஆண்டுகளில் தலைகாட்டும். உடனே நாளிதழ்களில் படம் வரும், பார்க்கக் கூட்டமும் வரும். நீர் விலகிய நிலத்தில் உழவர்கள் சோளமும் எள்ளும் விதைப்பார்கள். அணை நிரம்பினாலோ கூட்டம் பதினாறு கண் மதகில் பொங்கும் உபரிநீரைப் பார்க்கப் போகிறது. டெல்டா விவசாயிக்கு வயிறு கலங்கும் வறட்சியும் ஒரு காட்சி, அவர் மனம் குளிரும் நிறைவும் ஒரு காட்சி. எந்த ஆண்டு எது கிடைக்கும் என்பது அளவுகோலில் நிற்கும் எண்ணைப் பொறுத்தது.

ஆடிப்பெருக்கு இதை இன்னும் தெளிவாக்குகிறது. ஆடி 18 புதுவெள்ளத்தை வரவேற்கும் நாள். மேட்டூரில் அன்று ஆற்றில் நீராடி, அணைக்கட்டு முனியப்பனுக்குப் பொங்கல் வைத்து, பூங்காவில் குடும்பத்தோடு பொழுதைக் கழிப்பார்கள். கீழே பவானி கூடுதுறையிலும் திருவரங்கம் அம்மா மண்டபத்திலும் படித்துறை நிறையும். ஆனால் பாசனத்துக்குத் தண்ணீர் திறக்காத ஆண்டுகளில், இந்தப் பண்டிகைக்கென்றே அரசு தனியாகத் திறந்துவிட்டதுண்டு. பெருக்கைக் கொண்டாடும் விழாவுக்குப் பெருக்கையே ஆணையிட்டு வரவழைக்க வேண்டியிருக்கிறது.

அணைக்கு முந்தைய காவிரியைப் பொற்காலமாக்குகிறீர்கள் என்று ஆட்சேபிக்கலாம். நியாயம்தான். கோடையில் வெறும் மணல், மழையில் கரைகொள்ளாத வெள்ளம் என்பதே பழைய ஆறு. கட்டுமானம் தொடங்குவதற்கு முந்தைய ஆண்டான 1924-இன் பெருவெள்ளம் காவிரிக் கரைகளைச் சூறையாடியது. மணற்படுகை மெலிந்ததற்கும் அணையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வண்டலை அது தடுக்கிறது என்றாலும், லாரிகள் அள்ளிச்சென்றது கொஞ்சநஞ்சமல்ல. அணை புதிய அழகைப் படைக்கும் என்பதற்குக் கர்நாடகத்தின் கிருஷ்ணராஜசாகர் அணையே சான்று. திவான் மிர்சா இஸ்மாயில் காலத்தில் அதன் அடிவாரத்தில் அமைந்த பிருந்தாவனத் தோட்டம், நீரூற்றும் விளக்குமாக மைசூர்ச் சுற்றுலாவின் அடையாளமாகிவிட்டது. இவற்றையெல்லாம் ஒப்புக்கொண்டாலும் வாதம் விழவில்லை. பிருந்தாவனத்தின் நீரூற்று குழாயைத் திறந்தால் ஆடும், மூடினால் அடங்கும். பயணி அங்கே ரசிப்பது ஆற்றையல்ல, ஆற்றின் மீது மனிதனுக்குக் கிடைத்த அதிகாரத்தை. அதில் தவறில்லை, இரண்டையும் ஒன்றென்று எண்ணாதவரை.

இந்த அதிகாரம் எட்டாத இடம் என்று பலரும் ஒகேனக்கலைச் சொல்வார்கள். மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கு மேலே, கற்பாறைகளுக்கு நடுவே விழும் அருவி அது. அங்கே பரிசல் ஓட்டுவதும் மீன் வறுப்பதும் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு. ஆனால் கர்நாடக அணைகள் நிரம்பி உபரிநீர் திறக்கப்படும்போது வெள்ளம் பாறைகளையும் அருவிகளையும் ஒன்றாக மூடிவிடும். பரிசலுக்கும் குளியலுக்கும் தடை வரும். 2018-இல் அப்படித்தான் நடந்தது. அருவிக்குப் புறப்படுகிறவர் தருமபுரி வானத்தைப் பார்த்துப் பயனில்லை. கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் அன்று எத்தனை கனஅடி திறந்திருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும்.