வடமும் கப்பியும்: மின்வடம் இழுத்த வேலையின் வரலாறு

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வழியை ஒட்டிய மலைப்பகுதியில், பாறையைக் குடைந்து அமைத்த இரண்டு மின்நிலையங்கள் உள்ளன. 1958இல் உலக வங்கி வழங்கிய கடனைத் துணையாகக் கொண்டு எழுந்த கேமரன் மலை நீர்மின் திட்டத்தின் ஜோர் நிலையம் 1963இல் இயங்கத் தொடங்கியது. பத்தாங் பாடாங் திட்டத்தின் வோ நிலையம் 1968இல் அதனைத் தொடர்ந்தது. முன்னதன் திறன் 100 மெகாவாட். பின்னதன் திறன் 150 மெகாவாட். இவற்றைப் பற்றி எழுதுவோர் அணையையும் சுரங்கத்தையும் சுழலியையும் விரிவாகப் பேசுவர். எந்த மின்நிலையமும் இயங்குவதற்கு முன் அதன் குழாய்களுக்குள் வடங்களை இழுத்தாக வேண்டும். அவ்வேலை ஏடுகளில் அரிதாகவே இடம்பெறுகிறது. அவ்வேலையின் வரலாற்றையும் அதற்குரிய தமிழ்ச் சொற்களையும் இவ்வுரையில் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

தெருவின் அடியில் மின்சாரம் சென்ற தொடக்க நாள்களில் வடத்தை இழுக்கும் முறை எங்கும் நிலைபெற்றிருக்கவில்லை. 1882இல் நியூயார்க்கின் பெர்ல் தெரு மின்நிலையத்துக்காக எடிசன் குழுவினர் இரும்புக் குழாய்களுக்குள் செம்புத் தண்டுகளை வைத்தனர். சுற்றிலும் காப்புக் கலவையை நிரப்பினர். ஏறத்தாழ 20 அடித் துண்டுகளாக அவற்றை மண்ணில் புதைத்து இணைத்தனர். அங்கே வழியும் கடத்தியும் ஒன்றாகவே இருந்தன. ஓரிடத்தில் பழுது நேர்ந்தாலும் தெருவைத் தோண்ட வேண்டியதாயிற்று. பின்னர்ப் பரவிய முறை இவ்விரண்டையும் பிரித்தது. வெறுங்குழாய்களை முதலில் புதைத்து, இடையிடையே ஆள் இறங்கும் குழிகளை அமைத்தனர். வேண்டியபோது வடத்தை உள்ளே இழுத்தனர்; பழுதுற்றபோது உருவி எடுத்தனர். இப்பிரிவினையே இழுவைக் கருவிகளுக்கு வாழ்வு தந்தது.

அக்கருவிகளின் செயல்முறை எளியது. மெல்லிய எஃகுப் பட்டையோ நூலோ முதலில் குழாயினுள் செல்லும். அதன் வாலைப் பற்றிக் கயிறு செல்லும். கயிற்றைப் பற்றி வடம் செல்லும். வடத்தின் தலையை எஃகுக் கம்பியால் பின்னிய உறையொன்று கவ்விக்கொள்ளும். இழுக்க இழுக்க அதன் பிடி இறுகும். மறுமுனையில் கைச்சுழற்சியாலோ மோட்டாராலோ இயங்கும் வின்ச் நிற்கும்.

இழுவிசைக்கு எல்லை உண்டு. கடத்தியையே பற்றி இழுக்கும்போது செம்பிற்குச் சதுர மில்லிமீட்டருக்கு 50 நியூட்டன், அலுமினியத்திற்கு 30 நியூட்டன் என்பது பரவலான நடைமுறை. 240 சதுர மில்லிமீட்டர்ச் செம்புக் கடத்தி 12,000 நியூட்டன் வரை தாங்கும் எனலாம். ஆயினும் வளைவுகள் இக்கணக்கை விரைவில் விழுங்கிவிடும். உராய்வுக் கெழு 0.5 எனில், ஒரு செங்கோண வளைவைக் கடந்ததும் இழுவிசை இரு மடங்கைத் தாண்டும். நான்கு வளைவுகளில் ஏறத்தாழ 23 மடங்காகும். மசகு பூசி அதனை 0.2 ஆகக் குறைத்தால், அதே நான்கு வளைவுகளில் மூன்றரை மடங்கோடு நிற்கும்.

குழாயினுள் பகையாகும் அதே விதி வின்ச் உருளையில் துணையாகிறது. உருளையின்மேல் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றினால், அதே 0.2 கெழுவில், வால்முனையை ஒருவர் பிடித்திருக்கும் விசையைப் போல ஏறத்தாழ 43 மடங்கு இழுவை தலைமுனையில் கிடைக்கும். கரையில் நட்ட தூணைச் சுற்றிய கயிற்றால் கப்பலை நிறுத்தியவர்கள் இதனைக் கைப்பழக்கமாக அறிந்திருந்தனர். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் இதனைக் கணிதமாக்கினார்.

இனிச் சொற்களுக்கு வருவோம். தேரை இழுக்கும் பெருங்கயிற்றிற்கு வடம் என்று பெயர். கிணற்றில் நீரிறைக்கக் கயிறு ஓடும் உருளைக்குக் கப்பி என்று பெயர். இரண்டும் இழுவைத் தொழிலின் சொற்கள். மலாய்மொழி கப்பல் என்னும் சொல்லை நம்மிடமிருந்து ஏற்றதுபோலவே கப்பியையும் சிறு ஒலிமாற்றத்துடன் ஏற்றுக்கொண்டது. கலைச்சொல்லாக்கத்தில் கேபிள் என்பதற்கு வடம் என்னும் சொல்லை அறிஞர் ஆண்டது செயற்கையன்று. தேரை இழுத்த கைகளின் வழக்கு மின்சாரத்திற்கு நீண்டது. ஆகவே, வழக்கிலுள்ள கப்பியை விலக்கிவிட்டுப் புதுச்சொல் புனைவது தேவையற்ற உழைப்பு. வின்ச் என்பதை அப்படியே வழங்கினும் இழுவைப்பொறி என வழங்கினும் இழப்பில்லை. கப்பியையும் வடத்தையும் கைவிட்டால் இழப்பு உண்டு.

இதில் சொல்லை மீறிய ஒன்றும் அடங்கியுள்ளது. மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் தகுதியுடையோர் வரிசையில் வயர்மேனுக்கும் வடம் இணைப்பவருக்கும் இடம் தருகின்றன. வடத்தை இழுப்பவருக்கு அவ்வரிசையில் தனிப்பெயர் இல்லை. இணைப்பு தேர்ச்சிக்குரிய கலை என்பதில் ஐயமில்லை. ஆனால் இழுக்கும்போது உறை கிழிந்த வடத்தை எவ்வளவு தேர்ந்த இணைப்பும் காப்பாற்றாது. வளைவில் வடம் திணறுவதைக் கயிற்றின் அதிர்விலேயே உணர்ந்து "நிறுத்து" என்று குரல் கொடுப்பவரின் அறிவு, சான்றிதழில் ஏறாத அறிவு.

பெயரில்லாத தொழில் ஆவணத்தில் நிற்பதில்லை. தாப்பா, பீடோர், ஈப்போ வட்டாரங்களில் இவ்வேலை செய்து ஓய்வுபெற்றோர் கருவிகளையும் அசைவுகளையும் எச்சரிக்கைக் குரல்களையும் எச்சொற்களால் குறித்தனர் என்பதை, தமிழும் மலாயும் ஆங்கிலமும் கலந்த அவ்வடிவிலேயே, தூய்மைப்படுத்தாமல் பதிவுசெய்ய வேண்டும். கலைச்சொல் அகராதி தொகுப்போர் நூலகத்திற்குச் செல்லுமுன் அவர்களது வீட்டுத் திண்ணைக்குச் செல்வது முறையாகும்.