தீர்வு கேட்ட நாயகி: ஃபாத்தன் ஹமாமா

ஓமர் ஷெரீபை நம்மவர்கள் நன்கறிவர். 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா', 'டொக்டர் ஷிவாகோ' ஆகிய படங்களைக் கண்டு மயங்கிய தலைமுறை இன்னமும் நம்மிடையே இருக்கின்றது. ஆனால், 1954 ஆம் ஆண்டில் யூசுஃப் ஷஹீனின் 'சிராஉ ஃபில் வாதி' என்ற படத்தில் அவர் அறிமுகமானபோது, அதன் கதாநாயகி ஏற்கெனவே எகிப்தின் முன்னணி நட்சத்திரமாகத் திகழ்ந்தார் என்பதும், புதுமுக நடிகருக்கு அந்த வாய்ப்பு அவருடைய சம்மதத்துடனேயே கிட்டியது என்பதும் அரபுலகுக்கு வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. அந்தக் கதாநாயகிதான் ஃபாத்தன் ஹமாமா. 'அரபுத் திரையின் சீமாட்டி' என்று அரபுலகம் அவரை அழைத்தது.

1931 மே 27 இல் பிறந்த ஃபாத்தன், நைல் கழிமுகப் பகுதியிலுள்ள மன்சூராவைச் சேர்ந்தவர். தந்தையார் கல்வி அமைச்சின் ஊழியர். குழந்தைகளுக்கான அழகுப் போட்டியொன்றில் மகள் வெற்றி பெற்றதும், அவளது புகைப்படத்தை இயக்குநர் முஹம்மத் கரீமுக்கு அவர் அனுப்பி வைத்தார். அதன் பயனாக, இசை மேதை முஹம்மத் அப்துல் வஹாப் நடித்த 'யவ்ம் சயீத்' (1940) படத்தில் சிறுமி ஃபாத்தன் தோன்றினார். 1946 இல் நாடக ஜாம்பவான் யூசுஃப் வஹ்பி அவருக்கு வாய்ப்பளித்தார். அடுத்த ஆண்டே இயக்குநர் இஸ்ஸத்தீன் சுல்ஃபிகாரை மணந்தார். அம்மணவாழ்வு 1954 இல் முறிந்தது. மறு ஆண்டு, கிறிஸ்தவரான ஷெரீப் இஸ்லாத்தைத் தழுவி ஃபாத்தனை மணந்தார்.

தொடக்க காலப் படங்களில் அவர் பெரும்பாலும் கண்ணீர் வடிக்கும் ஏழைப் பெண்தான். நம் தென்னிந்தியப் படங்களுக்கு அழுதே பழகிய ரசிகர்களுக்கு அந்த வார்ப்பு அந்நியமாகத் தோன்றாது. அதிலிருந்து அவர் வெளியேறிய விதமே கவனத்திற்குரியது. அவர் இலக்கியத்தின் துணையை நாடினார். சிறு வயதிலேயே பார்வையிழந்து, பின்னர் எகிப்தின் கல்வி அமைச்சராகவும் உயர்ந்த தாஹா ஹுசைனின் நாவல் 'துஆ அல்-கரவான்' (1959) ஆகத் திரைவடிவம் பெற்றது. தமக்கையைக் கெடுத்த பொறியியலாளனைப் பழிவாங்க அவன் வீட்டுக்கே பணிப்பெண்ணாகச் செல்லும் ஆம்னாவாக ஃபாத்தன் நடித்தார். தமக்கையைக் குடும்ப மானத்தின் பேரால் கொன்றவன் சொந்த மாமன். லதீஃபா அல்-ஸய்யாத்தின் நாவலைத் தழுவிய 'அல்-பாப் அல்-மஃப்தூஹ்' (1963), யூசுஃப் இத்ரீஸின் 'அல்-ஹராம்' (1965) ஆகியன தொடர்ந்தன. இம்மூன்றையும் இயக்கியவர் ஹென்ரி பரக்காத். வயல்களுக்குக் கூலியாகக் கூட்டிச் செல்லப்படும் ஏழைப் பெண்ணாக 'அல்-ஹராமில்' அவர் காட்டிய நடிப்பே அவரது உச்சம் என்பது என் கணிப்பு. அப்படம் 1965 இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவில் இடம்பெற்றது.

புகழின் உச்சியில், 1966 இல், அவர் நாட்டைவிட்டு வெளியேறினார். பெய்ரூத்திலும் லண்டனிலும் ஐந்தாண்டுகள் கழிந்தன. புலனாய்வுத் துறையினரின் நெருக்குதல்களே காரணம் எனப் பின்னாளில் அவரே கூறினார். அவரைத் திரும்ப அழைத்துவருமாறு எழுத்தாளர்களையும் பத்திரிகையாளர்களையும் ஜனாதிபதி நாசர் கேட்டுக்கொண்டார். ஃபாத்தன் மசியவில்லை. 1970 இல் நாசர் மறைந்த பின்னர், 1971 இலேயே அவர் தாயகம் திரும்பினார். ஆட்சியாளரின் அழைப்பு வந்ததும் ஓடோடிச் செல்லும் கலைஞர்களைப் பற்றி எத்தனையோ செய்திகளை எழுதிய எனக்கு, இந்த ஐந்தாண்டுகள் அவருடைய எந்தப் படத்துக்கும் குறைந்தனவல்ல.

திரும்பி வந்தவர் நடித்தவற்றுள் தலையாயது 'உரீது ஹல்லன்' (1975). 'எனக்குத் தீர்வு வேண்டும்' என்பது பொருள். சயீத் மர்ஸூக் இயக்கினார். கதையை எழுதியவர் ஹுஸ்ன் ஷா என்ற பெண் பத்திரிகையாளர் என்பதில் எம் தொழில் சார்ந்த ஒரு சிறு பெருமிதமும் உண்டு. இராஜதந்திரியொருவரின் மனைவியான துரிய்யா விவாகரத்துக் கோரி நீதிமன்றம் செல்கிறாள். கணவன் நினைத்த மாத்திரத்தில் தலாக் கூறலாம். மனைவியோ தனக்கு நேர்ந்த தீங்கைச் சாட்சிகளோடு நிரூபித்தாக வேண்டும். கணவன் பொய்ச் சாட்சிகளை நிறுத்துகிறான். மனைவியைத் தன் வீட்டுக்கே திரும்ப வைக்கும் 'கீழ்ப்படிவு இல்ல' உத்தரவையும் கோருகிறான். நீதிமன்றத் தாழ்வாரத்தில் அவளைப் போன்ற வேறு பெண்களும் காத்திருக்கிறார்கள். முதுமையில் கைவிடப்பட்டுத் தாபரிப்புக்காக அலையும் பெண்ணாக அமீனா ரிஸ்க் நெஞ்சை உருக்குகிறார். ஆண்டுகள் பல கடந்தபின் துரிய்யாவின் வழக்கு தள்ளுபடியாகிறது. படம் அங்கேயே முடிந்துவிடுகிறது, ஆறுதல் எதுவுமில்லை.

இப்படமே எகிப்தின் சட்டத்தை மாற்றியது என எழுதுவோர் பலர். அது மிகை. சட்ட அறிஞரும் சமூக விவகார அமைச்சருமாயிருந்த ஆயிஷா ராத்திப் போன்றோர் எழுபதுகளின் தொடக்கம் முதலே சீர்திருத்தம் கோரி வந்தனர். ஜனாதிபதியின் துணைவியார் ஜிஹான் சதாத்தின் ஆதரவும் இருந்தது. எனினும், சட்டப் புத்தகங்களுக்குள் கிடந்த விவகாரத்தை வீட்டுக் கூடத்துப் பேச்சாக்கியது ஃபாத்தனின் முகமே. 1979 இல் சதாத் பிறப்பித்த 44 ஆம் இலக்கச் சட்டம், கணவன் மறுமணம் செய்யின் முதல் மனைவிக்கு விவாகரத்துக் கோரும் உரிமையை அளித்தது. பிள்ளைகளைப் பராமரிக்கும் தாய்க்கு வீட்டையும் உறுதி செய்தது. மத அறிஞர் பலரின் எதிர்ப்பைச் சந்தித்த அச்சட்டம், நாடாளுமன்றம் கூடாத வேளையில் பிறப்பிக்கப்பட்ட முறைக்காக 1985 இல் உச்ச அரசியலமைப்பு நீதிமன்றத்தால் இரத்தானது. அதே ஆண்டில் சற்று வலுவிழந்த மாற்றுச் சட்டமொன்று வந்தது. மஹரைத் திருப்பிக் கொடுத்து, பண உரிமைகளைத் துறந்து, தீங்கை நிரூபிக்காமலே மனைவி மணவிலக்குப் பெறும் 'குலா' வழி 2000 ஆம் ஆண்டில்தான் சட்டமானது. துரிய்யா தோற்று இருபத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே ஆண்டில் 'வஜ்ஹ் அல்-கமர்' என்ற தொலைக்காட்சித் தொடரில் ஃபாத்தன் இரசிகர்கள் முன் மீண்டும் தோன்றினார். 2015 ஜனவரி 17 இல், தமது 83 ஆவது வயதில் கெய்ரோவில் அவர் காலமானார். 1974 இல் அவரிடமிருந்து சட்டப்படி பிரிந்த ஓமர் ஷெரீப், அதே ஆண்டு ஜூலையில் அதே நகரில் கண்மூடினார்.