சோடனை: யாழ்ப்பாணத்து வீடு ஆரை எங்கே இருத்தியது?

கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல், குசினி, தேத்தண்ணிக் கோப்பைக்குக் கீழே வைக்கிற பீரிசு. இவை எல்லாம் போர்த்துக்கேயரிட்ட இருந்து எங்களுக்கு வந்த சொற்கள். மேசையில் இழுத்துத் திறக்கிற லாச்சி மட்டும் ஒல்லாந்தர் தந்தது. 1619ல் யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் விழுந்தது. 1658ல் ஒல்லாந்தர் அவர்களைத் துரத்தினார்கள். 1795ல் ஆங்கிலேயர் வந்தார்கள். ஆண்டவர்கள் எல்லாரும் போய்விட்டார்கள், கதிரை மட்டும் போகவில்லை.

அமெரிக்காவில் 1897ல் எடித் வார்ட்டன் என்ற எழுத்தாளர், ஓக்டன் கொட்மன் என்ற கட்டடக்கலைஞரோடு சேர்ந்து வீட்டு அலங்காரம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். திரைச்சீலையையும் பொம்மையையும் அள்ளி அடைக்காதீர்கள், வீட்டின் கட்டமைப்பே அழகு தரவேண்டும் என்பதுதான் அதன் சாரம். உள்ளக அலங்காரத்தின் செவ்வியல் நூல் என்று இன்றைக்கும் அதைச் சொல்லுவினம். அந்தப் புத்தகத்தை யாழ்ப்பாணத்தில் ஒருத்தரும் வாசித்திருக்கத் தேவையில்லை. எங்கட நாற்சார் வீடு அதே விதியில்தான் நின்றது. நடுவில் திறந்த முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், பனஞ்சிலாகை, பனைமர வளை, சாணம் மெழுகின நிலம். வெயிலும் மழையும் முற்றத்துக்குள்ளேயே வரும். சாமான் குறைவு, இடம் அதிகம்.

ஆனால் அந்த இடத்துக்கு ஒரு வரிசை இருந்தது. தெருவில் முதலில் வருவது சங்கடப்படலை. வேலியில் ஒரு வாசல், அதுக்கு மேலே ஒரு சின்னக் கூரை, இரண்டு பக்கமும் இருக்கத் திண்ணை. வழிப்போக்கர் வெயிலுக்கு ஒதுங்கலாம், வீட்டுக்காரரைக் கேட்கத் தேவையில்லை. பருத்தித்துறையில் தெருவுக்கு மேலேயே கூரை போட்டு நிற்கிற தெருமூடி மடத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த மனநிலை விளங்கும். சங்கடப்படலைக்கு உள்ளே தலைவாசல். ஆண்கள் இருந்து கதைக்கிற, கணக்குப் பார்க்கிற, சம்பந்தம் பேசுற இடம் அது. அதுக்கு அங்கால முற்றமும் அறைகளும் அடுப்படியும் பெண்களின் உலகம்.

இதில் ஒரு முரண் இருக்கு. 1707ல் ஒல்லாந்தர் எழுத்தில் கொண்டுவந்த தேசவழமைச் சட்டத்தின்படி சீதனமாகக் கொடுத்த வீடு மகளுக்குச் சொந்தம். தலைவாசலில் சாய்ந்திருந்து வெத்திலை போட்டவர் பல இடங்களில் மனைவியின் வீட்டில்தான் இருந்தார். வீட்டின் சொந்தக்காரி அடுப்படியில் நிற்க, விருந்தாளியை வரவேற்றவர் அவவின்ர புருசன்.

இனி நீர்வேலிக்கு வருவோம். யாழ்ப்பாணம் பருத்தித்துறை வீதியில், கோப்பாய்க்கு அடுத்த ஊர். புத்தகம் வாசிக்கிறவர்களுக்கு அது சங்கர பண்டிதரின் ஊர். மற்ற எல்லாருக்கும் வாழைக்குலையின் ஊர். செம்மண்ணில், கிணற்றுத் தண்ணியில் வளர்ந்த கதலியும் இதரையும் கப்பலும் சந்தைக்குப் போகும். வாழை இல்லாமல் யாழ்ப்பாணத்தில் எந்தச் சோடனையும் இல்லை. சோடனை என்பது எங்கட சொல். அலங்காரம் என்றால் கோயில் ஞாபகம் வரும், சோடனை என்றால் கல்யாண வீடு. படலையில் குலையோடு இரண்டு வாழை, மாவிலைத் தோரணம், வாசலில் கோலத்துக்கு மேலே நிறைகுடம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, ஒரு தட்டத்தில் சந்தனம் குங்குமம் கற்கண்டு, பக்கத்தில் பன்னீர்ச்செம்பு. வருகிறவர் மேல் பன்னீர் தெளித்தால்தான் அவர் வந்ததாகக் கணக்கு. சாப்பாடு வாழையிலையில். பயத்தம் பணியாரமும் அரியதரமும் முறுக்கும் சுட ஒரு கிழமைக்கு முந்தியே அயலட்டைப் பெண்கள் கூடிவிடுவார்கள். அடுத்த நாள் குப்பை என்று அள்ளினால் எல்லாம் மண்ணோடு மண்ணாகிவிடும்.

இந்தச் சோடனையில் இன்றைக்கு ஆக்கள் மறந்துபோன ஒன்று வெள்ளை கட்டுதல். கூரைக்குக் கீழே வெள்ளை வேட்டிகளை இழுத்துக் கட்டி ஒரு மேல்மூடி செய்வார்கள். ஓலைக் கூரையிலிருந்து தூசியும் பூச்சியும் விழாது, வெளிச்சமும் கூடும். ஐந்து நட்சத்திர விடுதியில் துணியால் சீலிங் போடுகிற இன்றைய அலங்காரிப்பாளர்கள் செய்வதும் இதுதான். கட்டினவர் சலவைத் தொழிலாளர். அவர் கட்டின வெள்ளைக்குக் கீழே மற்றவர்களோடு சரிசமமாக அவர் இருக்கமுடியாது. ஒடுக்கப்பட்ட சாதியினர் பலர் தங்கட சொந்த வீட்டுக் கல்யாணத்துக்கே வெள்ளை கட்டமுடியாது. துணி ஒரு சோடனை இல்லை, ஒரு உரிமை.

விருந்தோம்பலுக்கு நாங்கள் பேர்போன ஆக்கள் என்று பெருமை பேசுறவர்கள் மூக்குப்பேணியைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும். பித்தளையில் அழகான பாத்திரம், ஓரத்தில் மூக்குப் போல ஒரு குழாய். வாய் படாமல் அண்ணாந்து குடிக்கலாம். இன்றைக்கு அதை ஷோகேசில் வைத்து மரபு என்கிறோம். அதே வீட்டில் வேலைக்கு வந்தவருக்கு முற்றத்து ஓரத்தில் சிரட்டையிலோ கையிலோ தண்ணி ஊற்றினார்கள். தேநீர்க்கடைகளில் போத்தலும் தகரப்பேணியும். எங்கே இருத்துவது, எதில் கொடுப்பது என்ற இரண்டு கேள்விகளில்தான் யாழ்ப்பாணத்து உபசரிப்பின் முழு இலக்கணமும் இருந்தது.

அதனால்தான் கதிரை ஒரு அரசியல் பிரச்சினை ஆனது. 1924ல் தொடங்கின யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் (1927ல் காந்தியை இங்கே அழைத்து வந்தவர்கள் அவர்கள்தான்) சாதி பாராமல் சேர்ந்திருந்து சாப்பிடுவதை வலியுறுத்தியது. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் அரச உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு வந்தபோது சில பாடசாலைகளை எரித்தார்கள். ஒரு பிள்ளை நிலத்திலிருந்து எழும்பி வாங்கில் இருந்ததுக்காக. 1957ல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதுக்குப் பத்து வருசத்துக்குப் பிறகும் தேநீர்க்கடைக்குள் போய் இருக்க, மாவிட்டபுரம் கோயிலுக்குள் போகப் போராடவேண்டி இருந்தது.

இதுக்கிடையில் வீடும் மாறிக்கொண்டு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மலாயாவுக்குப் போனார்கள். ரயில்வேயிலும் கந்தோர்களிலும் எழுதுவினைஞர் வேலை. மலாயாப் பென்சன்காரர் திரும்பி வந்து கட்டின வீட்டில் முற்றம் சுருங்கி, விறாந்தையும் ஹோலும் முன்னுக்கு வந்தன. நிலத்துக்குச் சிவப்புச் சீமெந்து, யன்னலுக்கு மேலே நிறக் கண்ணாடி, சுவரில் ரவிவர்மா அச்சகத்து லட்சுமி, ஒரு மணிக்கூடு, சாய்மனைக் கதிரை. அந்தக் கதிரையின் கை நீண்டிருக்கும், காலைத் தூக்கிப் போடலாம். எங்கட பார்வையில் யாழ்ப்பாணத்து ஆண்மையை இதைவிடத் துல்லியமாகச் சொல்லுகிற சாமான் வேறு இல்லை.

1995 ஒக்டோபரில் நீர்வேலியும் படை நகர்ந்த பாதையில் இருந்தது. 30ம் திகதி இரவு வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தது. சாய்மனைக் கதிரையை ஆரும் தூக்கிக்கொண்டு போகவில்லை. திரும்பி வந்தவர்கள் பலர் கதவும் நிலையும் இல்லாத வீட்டைத்தான் கண்டார்கள். யுத்த காலம் முழுக்கக் கூரை மரமும் பனங்குத்தியும் பங்கருக்குப் போயின. 2002ல் ஏ9 பாதை திறந்தபோது பழைய சாமான் வாங்குகிறவர்களும் வந்தார்கள். தேக்குத் தூணையும் பித்தளைக் குத்துவிளக்கையும் விற்றவர்களை நாங்கள் குறை சொல்லமாட்டோம், அப்போது கூரைக்கு ஓடு வாங்கக் காசு வேணும்.

இப்ப வெளிநாட்டுக் காசில் எழும்புகிற வீடுகளில் சங்கடப்படலை திரும்பி வந்திருக்கு. வடிவான ஓட்டுக் கூரை, செதுக்கின மரத்தூண், இரவில் எல்ஈடி வெளிச்சம். அநேகமானவற்றில் இருக்கத் திண்ணை இல்லை. இருக்கிற ஒன்றிரண்டும் பூட்டின இரும்புக் கேற்றுக்கு உள்பக்கம்.