கிமோனோவும் எங்கள் கரையும்

17ஆம் நூற்றாண்டில் நாகசாக்கியில் வணிகம் செய்த ஒல்லாந்தர், ஆண்டுதோறும் எடோ நகருக்குப் போய் ஷோகுனைப் பணிவார்கள். அங்கே அவர்களுக்குப் பட்டுக் கிமோனோக்கள் பரிசாகக் கிடைத்தன. ஒல்லாந்தில் செல்வந்தர்கள் அவற்றை வீட்டு அங்கியாக உடுத்தத் தொடங்கியதும், பரிசாக வந்தவை போதவில்லை. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் அவர்களுக்குக் கோட்டைகள் இருந்தன. ஆகவே கிமோனோவை ஒத்த அங்கிகள் சோழமண்டலக் கரையின் சாயமிட்ட பருத்தியில் தைக்கப்பட்டன. அக்கரைத் துணி யப்பானுக்கும் போனது. கோடிட்ட ஒருவகைப் பருத்திக்கு அங்கே 'சந்தோமே' என்று பெயர். மயிலாப்பூர்ச் சாந்தோமின் பெயர்தான் அது.

அந்தக் கரையின் சாயத்துணிகளை ரொறன்ரோவின் றோயல் ஒன்ராறியோ அருங்காட்சியகம் பேணி வைத்திருக்கிறது.

அக்காவின் மகளுக்குப் பரிசாக ஒரு கிமோனோ மேற்சட்டை தைக்கிறேன். "சித்தி, இது வேற ஆக்களின்ர உடுப்பெல்லோ?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. வடிவம் யப்பானியருடையது, அதைச் சொல்லித்தான் கொடுக்கவேண்டும். ஆனால் அதன் நீண்ட பயணத்தில் எங்கள் கரையின் சாயக்காரரும் தையற்காரரும் இருந்தார்கள். கண்ணாடிப் பெட்டிகளில் துணியின் ஊரும் காலமும் எழுதியிருக்கும். தைத்தவர் பெயர் இராது.

இந்தச் சட்டையின் கழுத்துப்பட்டிக்குள் எங்கள் இருவரின் பெயரையும் தமிழில் தைத்துவிடுவேன்.