வண்டியும் பண்டகசாலையும்

பல ஆண்டுகளுக்கு முன், நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளிக்குப் பாடநூற் கட்டுகள் நனைந்து வந்து சேர்ந்தன. கிடங்கிலேயே அவை ஈரமாக இருந்தன என்றார் லாரிக்காரர். எம் வாயிலைக் கடக்கையில் உலர்ந்தே இருந்தன என்றார் கிடங்குக்காரர். இருவரிடமும் ரசீது இருந்தது. பிள்ளைகளிடம்தான் நூல் இல்லை. சரக்கைச் சுமப்பவர் ஒருவர், காப்பவர் மற்றொருவர் என்னும் இவ்வேற்பாட்டின் வரலாறு யாது?

சட்டமே இவ்விருவரையும் வேறுவேறாக நோக்கியது. கூலிக்குச் சரக்கேற்றும் பொதுச் சுமையாளரிடம் ஒப்படைத்த பொருள் கெட்டால், அவருடைய கவனக்குறைவைப் பொருளுக்குரியவர் மெய்ப்பிக்க வேண்டுவதில்லை என்றது 1865-ஆம் ஆண்டின் சட்டம். பொருளை வைத்துக் காப்பவரோ, சாதாரண அறிவுடைய ஒருவர் தம் பொருளைப் பேணுமளவு பேணினாற் போதும் என்றது 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம். ஆகவே, சேதம் வழியில் நேர்ந்ததா, கிடங்கில் நேர்ந்ததா என்னும் வினாவே வழக்கிற்கு உயிராயிற்று. அதனை அறிய இயலாதபோது பொருளுக்குரியவர் இருவரிடையே அலைக்கழிந்தார்.

தொழில்களும் தனித்தனியே வளர்ந்தன. லாரிகள் பெரும்பாலும் ஒன்றிரண்டு வண்டி வைத்திருந்த சிறு உரிமையாளர் வசம் இருந்தன. கிராமக் கடன் ஆய்வுக் குழுவின் பரிந்துரையை ஒட்டி, 1957-இல் மத்திய பண்டகசாலைக் கழகம் தோன்றியது. உழவர் தம் விளைபொருளைச் சேமித்து, அந்த ரசீதின்பேரில் கடன் பெறுவதே அதன் நோக்கங்களுள் ஒன்று. மறுபுறம், 1956-ஆம் ஆண்டின் மத்திய விற்பனை வரிச் சட்டத்தின்கீழ், வெளிமாநிலத்தாருக்கு நேரே விற்றால் வரியுண்டு. அங்குள்ள தம் கிடங்கிற்கு அனுப்பிப் பின்னர் விற்றால் அவ்வரி இல்லை. எனவே நிறுவனங்கள் மாநிலந்தோறும் சிறுசிறு கிடங்குகளை அமைத்தன.

2017 ஜூலை 1 அன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்ததும் அக்காரணம் மறைந்தது. பல சிறு கிடங்குகளுக்கு மாற்றாகச் சாலைச் சந்திப்புகளில் பெருங்கிடங்குகள் எழுந்தன. ஏற்றுதல், காத்தல், கொண்டுசேர்த்தல் ஆகிய அனைத்தையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்கும் வழக்கமும் பெருகியது. இதற்கு முன்னரே, 1865-ஆம் ஆண்டின் சட்டத்திற்கு மாற்றாக 2007-இல் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் இயற்றப்பட்டிருந்தது.

இதனாற் செலவு குறையலாம். எனினும் நான் பெரிதாகக் கருதும் நன்மை வேறு: இரண்டையும் ஒருவரே ஏற்றால், பழியைத் தள்ளிவிட மற்றொருவர் இல்லை. ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பெருநிறுவனம் ஒப்பந்தத்தைத் தான் பெற்று, வேலையைச் சிறு லாரி உரிமையாளரிடம் விட்டு, இழப்பையும் அவர் தலையிலேயே கட்டுமாயின், பழைய பிணக்கே மீண்டும் தலைதூக்கும். ஏற்றும் இடம் முதல் இறக்கும் இடம் வரை ஒரே ரசீது, அதில் பொறுப்பேற்பவர் பெயர் ஒன்றே என்னும் உறுதியைச் சரக்கை ஒப்படைப்போர் முதலிலேயே கேட்டுப் பெறவேண்டும். அன்று எங்களிடம் அத்தகைய ரசீது ஒன்று இருந்திருப்பின், எம் பிள்ளைகள் பள்ளிக் கூடத்துத் தரையில் ஈர நூல்களை விரித்து உலர்த்திக்கொண்டிருக்க நேர்ந்திராது.